கைவிட்ட நிரலும் நெடுந்தீவு வள்ளமும்

போன கிழமை உங்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்றவளை மறக்காமல் கூப்பிட்டதற்கு நன்றி. அங்கே சுவரில் ஒரு படம் காட்டினீர்கள். நாம் பயன்படுத்துகிற திறந்த மூல மென்பொருள் பொதிகளில், எழுதியவர்கள் கைவிட்டுப் போனவற்றுக்கெல்லாம் சிவப்பு நிறம் பூசியிருந்தது. "சிவப்பை எல்லாம் தூக்கிவிடுவோம்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என்னிடம் அபிப்பிராயம் கேட்டபோது, பிறகு சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் கடலில் அலைந்து பெற்ற அபிப்பிராயம் அது. கூட்டம் முடிகிற நேரத்தில் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது சொல்லக்கூடியதாக இருக்கவில்லை. ஆற அமர இப்போது எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், சரவணை என்ற ஊரில் பிறந்தவள். கணிதம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், எண்பதுகளின் கடைசியில், ஊர்காவற்றுறையில் ஒரு நிவாரண அமைப்பின் மருந்துக் களஞ்சியத்தில் இடம் கிடைத்தது. தீவுகளில் இருந்த சின்ன மருந்தகங்களுக்கு அங்கிருந்துதான் மருந்து போகும். களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் மருந்தாளராகப் படித்துத் தேறிய ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் 'அக்கா'. சாரதிக்கும் அக்கா, தன்னைவிட வயது கூடியவர்களுக்கும் அக்கா. என்னோடு அதே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர் சர்மா. நயினாதீவில் கோயில் பூசை பார்க்கும் குடும்பம். தமையன் பூசைக்குப் போக, இவர் பௌதிகம் படித்துவிட்டு எங்களிடம் வந்தார்.

எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்ததற்குக் காரணம் ஒரு கணினி. வெளிநாட்டிலிருந்து யாரோ நல்ல மனத்தோடு அனுப்பியது. கூடவே ஓர் அச்சுப்பொறியும், ஒரு பிஸ்கட் தகரம் நிறைய நெகிழ்வட்டுகளும் வந்தன. அவற்றில் இருந்தவை இலவச நிரல்கள். 'திறந்த மூலம்' என்ற பெயரை அப்போது நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பொருள் அதுதான். பலவற்றில் மூல நிரலும் சேர்ந்தே இருந்தது. "எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள், மற்றவருக்கும் கொடுங்கள்" என்று தலைப்பில் எழுதியிருக்கும். சிலவற்றில் அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும்: இனி இதைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

கணினியின் வட்டு மிகச் சின்னது. எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இன்றைக்கு உங்களுக்கு முன்னால் இருக்கிற கேள்விதான் அன்றைக்கும்.

சர்மாவிடம் ஒரு நேரான விதி இருந்தது.

"எழுதினவனே கைவிட்ட சாமானை நாங்கள் ஏன் தோளிலை தூக்கவேணும்? அப்பனில்லாத பிள்ளையளை எல்லாம் விட்டிடுவம்."

"உம்மட விதிப்படி பார்த்தால் தகரத்திலை பாதி போயிடும்" என்றேன்.

"போகட்டுமன். இடம் மிஞ்சும்."

அந்த விதியின்படி அவர் முதலில் ஏற்றியது ஓர் இருப்புக் கணக்கு நிரல். அதற்குத் தகப்பன் இருந்தார், அதுவும் ஓயாத தகப்பன். கொழும்பிலிருந்து பொதி வரும்போதெல்லாம் அதன் புதிய பதிப்பு ஒன்றும் வரும். ஒவ்வொரு பதிப்பிலும் நிறம் கூடும், பெட்டிகள் கூடும், பழைய பதிவுகளை வாசிக்கும் முறை மாறும். ஒவ்வொரு தடவையும் களஞ்சியத்தில் இருந்த மருந்தையெல்லாம் நாங்கள் திரும்பத் தட்டி ஏற்றுவோம். மூன்றாவது தடவை சர்மாவே நெகிழ்வட்டை இழுத்து மேசையில் போட்டார். "இவனுக்கு வேற வேலை இல்லையே?" என்றார். அதன்பிறகு இருப்புக் கணக்கைப் பழையபடி கையால் எழுதினோம். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொதியை யாரோ நாள்தோறும் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவருடைய சுறுசுறுப்புக்குச் சாட்சி. பொதி உங்களுக்கு உதவுமா என்பது வேறு கேள்வி.

தகப்பன் இல்லாத ஒரு நிரலை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். அது உறைகளில் ஒட்டும் சிட்டைகளை அச்சடிக்கும் நிரல். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் மாணவர் எழுதியது. முதலில் ஆங்கிலத்தில் முகவரி அடிப்பதற்கென்று எழுதியிருக்கிறார். பிறகு ஆசைப்பட்டுத் தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து சேர்த்திருக்கிறார். பிறகு படிப்போ, வேலையோ, கல்யாணமோ, கைவிட்டுவிட்டார். ஆனால் மூல நிரல் இருந்தது. தமிழில் அச்சடிக்க அந்தத் தகரத்தில் அதை விட்டால் வேறொன்றும் இல்லை.

எங்களுக்குத் தமிழ்ச் சிட்டை எவ்வளவு தேவைப்பட்டது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மருந்து வருவது ஆங்கிலம் எழுதிய போத்தல்களில். அதை உறைகளில் பிரித்துப் போட்டு, எப்படி எடுப்பது என்று அக்கா தன் கையால் எழுதுவார். மாலையானால் விரல்களை மடக்க முடியாமல் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு இருப்பார். அச்சுப்பொறி முதல் தமிழ்ச் சிட்டையைக் கிறீச்சிட்டுக்கொண்டு துப்பிய அன்று அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ரை கையெழுத்தைவிட வடிவாக் கிடக்கு" என்றார். சர்மாவும் அன்றைக்குத் தன் விதியை மறந்து அடுத்த தாளை ஏற்றினார்.

பல மாதங்கள் அது நன்றாக ஓடியது.

மாரி தொடங்கியது. அந்த வருடம் வாடைக்காற்று பலமாக இருந்தது. நெடுந்தீவுக்கு வள்ளம் போகாமல் நாள்கள் கடந்தன. அங்கே வயிற்றோட்டம் பரவுகிறது என்று செய்தி வந்தது. நெடுந்தீவு மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்போதிக்கரி ஐயா காய்ச்சலோடு யாழ்ப்பாணத்தில் படுத்திருந்தார். அவர் இல்லாத இடத்தில் ஊர்த் தொண்டர்கள்தான் மருந்துறைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசித்துக் கொடுப்பார்கள்.

கடல் கொஞ்சம் அடங்கியதும் இரண்டு பெட்டி மருந்து தயார் செய்தோம். ஒன்று நயினாதீவுக்கு, மற்றது நெடுந்தீவுக்கு. அதில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் ஒரு குளிசையும் இருந்தது. பெரியவர்களுக்கு உடனே கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மூச்சையே அமத்திவிடும். அதன் சிட்டையில் எப்போதும் "குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்" என்று இருக்கும். இந்த முறை அக்கா அதை மாற்றச் சொன்னார்.

"குழந்தை எண்டால் கைக்குழந்தை எண்டுதான் சனம் நினைக்கும். நடந்து திரியிற பிள்ளைக்கும் குடுக்கக்கூடாது. வயதைப் போட்டு வடிவா எழுதும்."

அப்படியே எழுதினேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். திரையில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தட்டுவோம், முழு வசனமும் திரையில் இருந்தது. சர்மா அச்சடித்தார். பொதி கட்டும் பெண்கள் உறைகளில் ஒட்டினார்கள். மறுநாள் காலையில் சர்மா பெட்டிகளோடு எங்கள் வான் வண்டியில் குறிகட்டுவானுக்குப் போனார். அங்கே இறங்குதுறையில் பெட்டிகளை வள்ளங்களில் ஏற்றிவிட்டு அப்படியே நயினாதீவுக்கு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

அவர் போனபிறகு நான் அச்சுப்பொறியைப் போட்டேன். உருளை சுற்றவில்லை. முந்தைய நாள் அடித்த சிட்டை ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். எறியப் போனவள் வாசித்தேன்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க.

அவ்வளவுதான். 'வேண்டாம்' இல்லை.

கிழிந்த துண்டாக்கும் என்று முதலில் நினைத்தேன். கிழியவில்லை. சிட்டை முழுதாக இருந்தது, ஓரத்தில் வெள்ளை இடம்கூட இருந்தது. வரி நீளம் கூடியதால் நிரல் கடைசிச் சொல்லை வெட்டிவிட்டு, ஒரு சத்தமும் போடாமல் மிச்சத்தை அடித்திருக்கிறது. அவசரத்தில் எங்களில் ஒருவரும் அதை வாசித்துப் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் 'கொடுக்காதே' என்பது வசனத்தின் முன்பக்கம் வரும். வால் அறுந்தாலும் எச்சரிக்கை நிற்கும். முகவரியில் கடைசிச் சொல் அறுந்தால் தபால்காரர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் மொழியில் கடைசிச் சொல்தான் முழு வசனத்தையும் திருப்புகிறது. அது போனால் மருந்து நஞ்சாகிவிடும்.

அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினேன். வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வான் எங்கை?"

"சர்மாவோடை போட்டுது, அக்கா."

"சந்தியிலை ஏதும் கார் நிக்கும். வாரும்."

வாடகைக் கார் ஒன்று நின்றது. சரவணையைத் தாண்டும்போது என் தகப்பனார் வீதியோரம் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றார். கையைக்கூட அசைக்கத் தோன்றவில்லை. கடலுக்கு நடுவே போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல் எழும்பிக் காரின் கண்ணாடியில் அடித்தது. சாரதி வேகத்தைக் குறைத்தார். "தம்பி, கெதியா" என்றார் அக்கா.

குறிகட்டுவானில் இறங்கி ஓடினோம். தேநீர்க் கடைக்காரர் எங்களைக் கண்டதும் கையை விரித்தார்.

"ரெண்டு வள்ளமும் போட்டுது, அக்கா. நெடுந்தீவுக்குப் போனது முதல்லையே வெளிக்கிட்டிட்டுது."

துறையில் மீன்பிடிப் படகு ஒன்று மட்டும் நின்றது. படகுக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். நான் நயினாதீவுப் பக்கம் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம். கோயில் கோபுரம் தெரிந்தது.

"அக்கா, முதல் நயினாதீவுக்குப் போவம். கிட்ட. சர்மாவும் அங்கைதான் நிப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போகலாம்."

அக்கா நயினாதீவுப் பக்கமும் பார்த்தார், நெடுந்தீவுப் பக்கமும் பார்த்தார். அவர் முகத்தை இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறேன். பயந்த முகம்தான். ஆனால் பயத்துக்கு உள்ளே ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது.

"நயினாதீவிலை மருந்து தெரிஞ்ச ஆள் இருக்கு. அந்த ஆள் சிட்டையைப் பார்த்து ஏமாறாது. நெடுந்தீவிலை ஆர் இருக்கினம்? வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையள்தான் இருக்குதுகள். எழுதிக் கிடக்கிறதை அப்பிடியே செய்வினம். நாங்கள் நெடுந்தீவுக்குப் போவம்."

உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததில் பாதி இந்தப் பேச்சில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பொதிகள் சிவப்பாக இருந்தால் எதை முதலில் பார்ப்பது என்று தடுமாறுகிறீர்கள். பழையதையா, பெரியதையா, கிட்ட இருப்பதையா? பிழை நடந்தால் அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாத இடம் எதுவோ, அங்கே முதலில் போங்கள். வேறு கண் பார்க்கிற இடம் ஒரு நாள் பொறுக்கும்.

படகுக்காரர் வானத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரின் சேலைகளைப் பார்த்தார்.

"கடல் இன்னும் குழம்பித்தான் கிடக்கு. போகலாம். ஆனா நல்லா நனைவியள்."

"நனைஞ்சால் காயும்" என்றார் அக்கா.

போர்க்காலம் என்பதால் துறைக் காவலரணில் பெயர் பதிந்து விளக்கம் சொல்லி வெளிக்கிட நேரம் எடுத்தது. கரையை விட்டதும் அலை ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் தீவுக்காரி, ஆனால் படகில்லாமல் சைக்கிளில் போய்வரும் தீவுக்காரி. கொஞ்ச நேரத்தில் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். அக்கா ஒரு கையால் என் முதுகைத் தடவினார், மறு கையால் படகைப் பிடித்திருந்தார். எனக்குள்ளே ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வள்ளம் போய்ச் சேர்ந்திருக்கும். பெட்டியை இறக்கியிருப்பார்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று தவித்துக்கொண்டிருக்கிற தாய்மார் துறைக்கே வந்து நிற்பார்கள். சிட்டையில் அச்சடித்திருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுக்க என்று. கையெழுத்தென்றால் ஒருவேளை சந்தேகப்படுவார்கள். அச்செழுத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

நெடுந்தீவு கடலோடு கடலாகத் தட்டையாகக் கிடக்கிற நிலம். வெகு நேரம் ஒன்றும் தெரியாது, பிறகு திடீரென்று எதிரே கரை நிற்கும். மாவலித்துறையில் படகு முட்டியதும் அக்கா பாவாடை தெரியச் சேலையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து இறங்கினார். நான் தட்டுத்தடுமாறிப் பின்னால் ஓடினேன்.

துறைக்கு மேலே கல்லடுக்கிக் கட்டிய வேலி ஒன்று. முருகைக் கல் வேலி. அதன் நிழலில் கூட்டமாகச் சனம் குந்தியிருந்தது. பெண்கள், தொண்டர்கள், கடலுக்குப் போகாத ஆண்கள். நடுவில் எங்கள் பெட்டி திறந்து கிடந்தது.

நான் பெட்டியை நோக்கிப் பாய்ந்தேன்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. சர்மா.

மடியில் ஓர் அடுக்கு உறை. கையில் பேனை. ஒவ்வோர் உறையாக எடுத்து, சிட்டையின் ஓரத்து வெள்ளை இடத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றியிருந்தவர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பேனை, பென்சில், யாரோ ஒருவர் கரித்துண்டு. எல்லா உறையிலும் ஒரே சொல். வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

"அக்கா! நீங்கள் எப்பிடி..." என்று எழும்பினார். உறைகள் மடியிலிருந்து சரிந்தன.

அக்கா குனிந்து ஓர் உறையை எடுத்து வாசித்தார். பிறகு அப்படியே மணலில் இருந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். ஈரச் சேலையோடு, வாயில் சத்திக் கைப்போடு, என் வாழ்நாளில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை.

நடந்தது இதுதான். பொறுப்பான ஆள் கூட வராவிட்டால் மருந்துப் பெட்டியை ஏற்ற மாட்டேன் என்று வள்ளக்காரர் சொல்லிவிட்டார். நயினாதீவுப் பெட்டியைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சர்மா நெடுந்தீவு வள்ளத்தில் ஏறியிருக்கிறார். வழியில், மடியில் சோர்ந்த பிள்ளையோடு இருந்த ஒரு தாய் பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்.

அந்தத் தாயும் அங்கேதான் வேலிக்குப் பக்கத்தில் இருந்தார். அவரே எங்களுக்குச் சொன்னார்.

"தம்பி, பிள்ளையளுக்குக் குடுக்கிற குளிசை எண்டு எழுதிக் கிடக்கே, எனக்கு ரெண்டு தாருமன் எண்டு கேட்டனான். தம்பிக்கு முகம் வெளிறிப் போச்சு. பறிச்சுப்போட்டார்."

"பிள்ளை எப்பிடி?" என்று அக்கா பதறிக் கேட்டார்.

"உப்புச்சீனித் தண்ணி கரைச்சுத் தந்தவர். பருக்கிக்கொண்டு வந்தனான். இப்ப மூத்திரம் பெய்தது. பாருங்கோவன்."

பிள்ளை தாயின் மடியில் கிடந்து எங்களை முறைத்துப் பார்த்தது. அக்கா அதன் வயிற்றைத் தொட்டார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஒண்டும் இல்லை" என்றார்.

மிச்ச உறைகளுக்கு நாங்களும் இருந்து எழுதி முடித்தோம். திரும்பும் வழியில் நயினாதீவில் இறங்கினோம். அங்கே மருந்தகத்தில் இருந்தவர் அந்தக் குளிசையை ஏற்கெனவே வேறாக எடுத்து அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். "ஆர் எழுதினது இந்தக் கூத்தை?" என்று சத்தம் போட்டார். அந்த ஏச்சைத் தேவாரம் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மறுநாள் காலையில் அக்கா கணினிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இந்தச் சனியனைத் தூக்கி எறியும். நான் கையாலையே எழுதுறன்."

சர்மாவும் சொன்னார். "நான் அண்டைக்கே சொன்னனான். எழுதினவனே விட்டிட்டுப் போன சாமான்."

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். எனக்கும் அதை உடைத்துப் போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அக்காவின் விரல்களையும் பார்த்தேன். கையால் எழுதினால் பிழை வராதா? களைத்த கையும் ஒரு சொல்லை விடும். எறிந்துவிட்டால் மனம் ஆறும். ஆனால் சிட்டை எழுதும் வேலை எறியப்படாது. அது வேறொருவர் தலையில் போய் விழும். ஒரு பொதியைத் தூக்கி எறியும்போது இதையும் கேளுங்கள்: இதன் வேலையை இனி யார் செய்யப்போகிறார், அவர் இதைவிடக் கவனமானவரா?

"அக்கா, எனக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் தாங்கோ. உள்ளுக்குப் பார்க்கிறன்" என்றேன்.

மூல நிரலைத் திறந்தேன். தேட அதிக நேரம் எடுக்கவில்லை. வரி அகலத்துக்கு மேல் போனால் மிச்சத்தை விட்டுவிடு என்று ஒரே ஓர் இடத்தில் எழுதியிருந்தது. அந்த மாணவர் கெட்டவரும் இல்லை, கவனமில்லாதவரும் இல்லை. முகவரிக்கு அது போதும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. வரி கொள்ளவில்லை என்பதில் ஆபத்து இல்லை. எல்லா நிரலுக்கும் கொள்ளாத ஓர் அளவு உண்டு. கொள்ளவில்லை என்பதைச் சொல்லாமல் மறைத்து, எல்லாம் சரி போலச் சிட்டையை நீட்டியதுதான் ஆபத்து. கம்பெனிக்காரர் செய்த, மூலம் பூட்டிய நிரல் இதே வேலையைச் செய்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எங்கோ ஒருவருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்திருப்பேன். இது திறந்து கிடக்கிறது. என் முன்னால் கிடக்கிறது.

சர்மா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். "வெட்டாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம்" என்றார். கொண்டுபோகச் செய்தோம். "அடுத்த வரியும் போதாட்டி?" என்றேன். அவர் திரையில் விரலை வைத்தார்.

"அடிக்கவே விடாதையும். ஏலாது எண்டு சொல்லட்டும்."

திரையில் ஆங்கில எழுத்தில் அந்தச் சொல்லையே போட்டோம். கூடவே ஒரு கத்தலும். வரி கொள்ளாவிட்டால் அச்சுப்பொறி அசையாது, கணினி கீச்சென்று கத்தி 'ஏலாது' என்று காட்டும்.

அக்காவைக் கூப்பிட்டோம். "இது இன்னும் என்னென்னத்தை வெட்டும் எண்டு எனக்குக் காட்டும்" என்று கதிரையில் அமர்ந்தார். தனக்குத் தெரிந்த மிக நீளமான எச்சரிக்கைகளையெல்லாம் தட்டச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிகள், பாலூட்டும் தாய்மார், வலிப்புள்ளவர்கள், இருதய நோயாளர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கொடுத்தார். வந்த ஒவ்வொரு சிட்டையையும் கடைசிச் சொல்லிலிருந்து பின்பக்கமாக வாசித்தார். ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே ஒரு முழுப் பந்தியைச் சொன்னார். கணினி கத்தியது.

"என்னவாம்?"

"ஏலாதாம், அக்கா."

அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இப்ப இதோடை வேலை செய்யலாம்" என்றார்.

அதற்குப் பிறகு தகரத்தில் மிஞ்சிய நிரல்களையும் அதே கண்ணோடு பார்த்தோம். தகப்பன் இருக்கிறாரா என்று கேட்பதை விட்டுவிட்டோம். பிழைவிட்டால் வாய் திறந்து சொல்கிறதா, திறந்து திருத்த முடியுமா, எங்களுக்கு உண்மையாகவே தேவையா என்று பார்த்தோம். பெரும்பாலானவற்றை எறிந்தோம். மனம் இலேசாகிவிட்டது. வைத்துக்கொண்டவை கைவிரல்களுக்குள் அடங்கின. ஒவ்வொன்றின் தலைப்பிலும், எழுதியவரின் பெயருக்குக் கீழே, இனி இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எங்கள் இரண்டு பெயரையும் எழுதினோம். பிள்ளைகளே, ஒரு பொதியை வைத்திருப்பது என்பது இதுதான். இப்படிப் பெயர் எழுத மனம் வராத பொதியை விட்டுவிடுங்கள், அதில் வெட்கமில்லை. பெயர் எழுத மனம் வந்தால், அது சிவப்பு இல்லை.

மாரி முடிகிற சமயம், ஒரு பகலில், நெடுந்தீவு அப்போதிக்கரி ஐயா களஞ்சியத்துக்கு நேரே வந்தார். காய்ச்சல் தெளிந்து ஊருக்குத் திரும்பியிருந்தார். வந்த வேகத்தில் ஓர் உறையை மேசையில் அடித்தார்.

"ஆர் இந்த எழுத்தை அடிக்கிறது? எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு. வயசு போனதுகள் எல்லாம் என்னட்டைக் கொண்டுவந்து வாசிச்சுக் காட்டச் சொல்லுதுகள். நான் மருந்து குடுக்கிறதோ, வாசிச்சுக் காட்டுறதோ?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சர்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. அப்போதிக்கரி ஐயாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"என்ன சிரிக்கிறியள்?"

"கோவிக்காதேங்கோ ஐயா" என்றார் அக்கா. "உந்தச் சாமானைப் பற்றிக் குறை சொல்லுறதெண்டால் முந்தி ஆரிட்டைப் போறது எண்டே தெரியாது. இப்ப வந்து ஏச ஒரு வாசல் இருக்கு. இருங்கோ. தேத்தண்ணி போடச் சொல்லுறன். எந்த எழுத்து விளங்கேல்லை எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைத் தூக்கிப் பிடித்தார். நான் கணினியைப் போட்டேன்.